முப்பத்திரண்டாம் நாள்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா மேடையிலே நோயையும் சாவையும் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். மங்கலமான நாளிலே மங்கலமான பொருளைப் பேசுவதே மரபு. ஆயினும், சற்று முன் வாசிக்கப்பட்ட ஆண்டறிக்கையில் ஒரு வசனம் நம் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "அங்கத்தவர் குடும்பங்களில் நேர்ந்த மரணச் சடங்குகளில் சங்கம் தன் கடமையைச் செவ்வனே செய்து முடித்தது" என்பதே அந்த வசனம். அதை எழுதியவர்களும் நாமே. கைதட்டி ஏற்றுக்கொண்டவர்களும் நாமே. செய்து முடித்தோமா என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு நம் அயலிலே ஒரு பெரியவர் காலமானார். இரண்டு வருடமாகப் புற்றுநோயால் வருந்தியவர். மரணச் செய்தி கேட்டதும் நம் வாலிபர்கள் ஓடினார்கள். பந்தல் போட்டார்கள், கதிரைகள் கொண்டுவந்து அடுக்கினார்கள், வெளிச்சத்துக்கு வழி செய்தார்கள், வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள். பஞ்சபுராணம் பாடியவர்களும், பாடை சுமந்தவர்களும், காடாற்றுக்குக் கூடப் போனவர்களும் நம்மவர்களே. எட்டுச் செலவுக்கு விறகு கொத்தினோம். 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்கு வாகனம் ஒழுங்கு செய்தோம். கல்வெட்டு அச்சிடுவித்து வந்தவர் கையிலெல்லாம் கொடுத்தோம். ஊரார் நம்மைப் புகழ்ந்தார்கள். நாமும் மகிழ்ந்தோம்.

அதன் பின் நாலு மாதம் கழித்து, இந்த விழாவுக்கு நன்கொடை சேர்க்க வீடு வீடாகப் போனபோது அந்த வீட்டுக்கும் போனோம். அம்மையார் தனியே இருந்தார். பிள்ளைகள் இருவரும் கடல் கடந்த நாடுகளில். கதிரை தந்து இருக்கச் சொன்னார். குடும்பத்தின் நலம் விசாரித்தோம். அப்போது அவர் சொன்னதை அப்படியே சொல்கிறோம்:

"முப்பத்தொண்டு மட்டும் வீடு நிறையச் சனம், தம்பிமார். நீங்களும் நிண்டு எல்லாம் செய்தனீங்கள். குறை சொல்லக்கூடாது. அடுத்த நாள் விடியத் தேத்தண்ணி வைச்சன். கைப்பழக்கத்திலை ரண்டு பேணி எடுத்திட்டன். அப்பதான் அவர் இல்லையெண்டு எனக்கு விளங்கினது. அண்டைக்கு ஒருத்தரும் இல்லை."

நாம் என்ன பதில் சொல்ல முடியும்? நன்கொடைப் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டுத் தலை குனிந்து இருந்தோம். சாவு அந்த வீட்டுக்குள் புகுந்தது முதலாம் நாள். அந்த அம்மையாருக்கு அது விளங்கியது 32ஆம் நாள். நாம் முதலாம் நாள் ஓடிப்போனோம். 32ஆம் நாள் எங்கே இருந்தோம்?

அன்பர்களே, நம் முன்னோர் வகுத்த முறைகளைக் குறை கூற நாம் இதைச் சொல்லவில்லை. அவற்றை உற்று நோக்குவோமானால், துக்கத்தில் விழுந்தவரைத் தனியே விடலாகாது என்ற எண்ணமே அவற்றின் உள்ளே இருப்பதைக் காணலாம். நல்ல காரியத்துக்கு அழைத்தால் போ, கெட்ட காரியத்துக்கு அழையாமலே போ என்பது நம் ஊர் வழக்கு. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்தான் சோறும் தேநீரும் கொண்டுவருவார்கள். இதைத் துடக்கு என்று மட்டும் எண்ணிவிடக்கூடாது. துக்கத்தில் இருப்பவளுக்குச் சமைக்கவும் மனம் வராது, உண்ணவும் மனம் வராது. பக்கத்து வீட்டுக்காரி தட்டோடு வந்து முன்னே இருந்தால் இரண்டு வாயாவது உண்பாள். எட்டாம் நாள் ஒரு கூட்டம், 31ஆம் நாள் ஒரு கூட்டம், ஆண்டுத் திவசத்துக்கு ஒரு கூட்டம் என்று, காயம் ஆற ஆற இடைவெளி விட்டுவிட்டு ஆட்களை அந்த வீட்டுக்கு அழைத்துவரும் ஒழுங்கு இது. தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசையிலும், தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமியிலும் ஒன்றாகக் கூடுகிறார்கள். அன்றைக்குக் கீரிமலைக் கேணியடியில் நிற்பவன் தன்னைச் சுற்றிப் பார்த்தால், தகப்பனை இழந்தவன் தான் ஒருவன் மட்டும் அல்லன் என்பதை எவரும் சொல்லாமலே அறிந்துகொள்வான்.

ஒப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். படித்த இளைஞர் சிலர் அதை நாகரிகமற்ற கூச்சல் என்று நகைத்த காலம் உண்டு. ஆனால் ஒப்பாரி வைக்கும் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? இறந்தவர் யாரென்று சரியாக அறியாத கிழவியும் கட்டிப்பிடித்து அழுவாள். அவள் அழுவது இன்று இறந்தவருக்காக மட்டுமல்ல. என்றோ இழந்த தன் பிள்ளைக்காகவும் அவள் அழுகிறாள். புதிதாக இழந்தவளும் முன்னர் இழந்தவளும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும்போது, "நானும் இதைக் கடந்துதான் இன்று உயிரோடு இருக்கிறேன்" என்ற செய்தி ஒருத்தியிடமிருந்து மற்றொருத்திக்குப் போய்ச் சேருகிறது. எந்தச் சொற்பொழிவாளனும் அந்தச் செய்தியை அவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

பழைய கல்வெட்டுகளைப் பார்த்தாலும் இது தெரியும். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஒவ்வோர் உறவினர் வாயிலாகவும் புலவர் பாடி வைப்பார். வாய்விட்டு அழத் தெரியாத ஆண்மகனுக்கும் அங்கே ஒரு புலம்பல் எழுதப்பட்டிருக்கும். இக்காலக் கல்வெட்டுகளில் படங்கள் பெருகிவிட்டன, புலம்பல்கள் அருகிவிட்டன. கடைசிப் பக்கத்தில் மட்டும் தவறாமல் "நன்றி நவிலல்" இருக்கிறது. மலர்வளையம் வைத்தவர் முதல் அச்சிட்டவர் வரை எல்லாருக்கும் நன்றி. அந்த நன்றியைப் பெற்றுக்கொண்டதும் கணக்குத் தீர்ந்தது என்று நாமெல்லாம் வீடு திரும்பிவிடுகிறோம். முன்னோர் கணக்குத் தீர்ப்பதற்காக 31ஆம் நாளை வைக்கவில்லை. அந்தக் காலத்தில் 32ஆம் நாளுக்குத் தனியே ஒழுங்கு தேவைப்படவில்லை. ஏனெனில் அண்ணன் வீடு வேலிக்கு அப்பால் இருந்தது. வேலியிலே ஒரு பொட்டும் இருந்தது. மாமி காலையில் வந்தால் மச்சாள் மாலையில் வருவாள். சடங்கு முடிந்தாலும் சனம் போகவில்லை.

இதைச் சொல்லும்போது பழமையைப் பொன்னாக்கிக் காட்டவும் நாம் விரும்பவில்லை. அந்த வட்டத்துக்குள்ளே எல்லாருக்கும் இடம் இருந்ததில்லை. பறையடிக்க வந்தவரும் வெள்ளை கட்ட வந்தவரும் படலைக்கு இப்பால் எத்தனை அடி வரலாம் என்று அளந்து வைத்திருந்தோம். அவர்கள் வீட்டில் சாவு நேர்ந்தபோது நம்மில் எத்தனை பேர் போனோம்? கணவனை இழந்தவளை மங்கல காரியங்களில் ஒதுக்கி வைத்து, ஒரு துக்கத்தோடு இன்னொரு துக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தவர்களும் நாமே. ஆகவே பழைய வழக்கத்தை மீட்பது மாத்திரம் போதாது. அதன் வாசலையும் அகலமாக்க வேண்டும்.

இனி, அந்த வட்டம் எப்படி உடைந்தது என்பதையும் சிந்திப்போம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வீடு துறந்து நடந்தார்கள். அந்த நடையிலே பாயில் கிடந்த வயோதிபர்களும் இருந்தார்கள். வழியிலும், ஒதுங்கிய இடங்களிலும் இறந்தவர்களுக்கு முறையாகச் சடங்கு செய்ய இடமுமில்லை, ஆளுமில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் ஒரே காலையில் ஊர் ஊராக அழிந்தது. துக்கம் விசாரிக்கப் பக்கத்து வீட்டார் வரவேண்டும் என்பது முறை. பக்கத்து வீடே இல்லாவிட்டால் யார் வருவது? 2009இல் வன்னியில் நேர்ந்ததை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சபையில் இருப்போரில் அதை அறியாதார் இல்லை.

2020இலும் 2021இலும் கொரோனாத் தொற்றினால் இறந்தோரின் உடல் வீட்டுக்கே வரவில்லை. வாய்க்கரிசி இல்லை, சுண்ணம் இடித்தல் இல்லை, கட்டிப்பிடித்து அழுவதற்கும் தடை. முஸ்லிம் சகோதரர்களோ 2021 பெப்ரவரி இறுதி வரை தம் முறைப்படி நல்லடக்கம் செய்யவும் அனுமதி இன்றித் தவித்தார்கள். தொற்று நீங்கிய பின்பும் நம் ஊரில் ஒரு காட்சி நிலைத்துவிட்டது. ரொறன்ரோவில் இருக்கும் மகன், கைத்தொலைபேசித் திரையில் தாயின் தகனத்தைப் பார்க்கிறான். இங்கே பாடை எழும்போது அங்கே நடுச்சாமம். பார்த்து முடித்துத் திரையை அணைத்தால் அவன் அறையில் யாருமில்லை. விடிந்தால் வேலைக்குப் போகவேண்டும். ஒரு காலத்தில் வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும்போது வீட்டில் பேச்சு அடங்கியதைப் பெரியோர் அறிவர். இன்று செய்தி முன்னிலும் வேகமாகப் போகிறது; தோளில் வைக்கும் கைதான் போய்ச் சேரவில்லை.

இவை எல்லாவற்றினும் கொடியது ஒன்று உண்டு. உற்றவர் இறந்தாரா இருக்கிறாரா என்று அறியாமலிருப்பது. அவர்களுக்கு 31ஆம் நாளே இல்லை. பொட்டை அழிப்பதா, வைப்பதா? திவசம் கொடுப்பதா, கோவிலில் அர்ச்சனை செய்விப்பதா? 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி என்று தாய்மார் திரண்டது கைதான பிள்ளைகளைத் தேடி. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் தாய்மார் சிலர் படங்களோடு வந்து அமர்ந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பதில் வேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை. அவர்களோடு இருந்த தாய்மார் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். அரசியலைப் பற்றி இங்கே நாம் பேச வரவில்லை. ஒன்றை மட்டும் நோக்குங்கள். ஊரிலே அந்தத் தாயிடம், "இனி அவன் வரமாட்டான், மறந்துவிடு" என்று சொல்பவர் உண்டு. "கட்டாயம் வருவான்" என்று பொய் சொல்பவரும் உண்டு. அந்தக் கொட்டிலிலே அவளோடு இருந்தவர்கள் இரண்டையும் சொல்லத் தேவையில்லை. அவள் மடியில் இருப்பதும் ஒரு படம். பக்கத்தில் இருப்பவள் மடியில் இருப்பதும் ஒரு படம். ஒரே வருத்தம் உடையவர்கள் ஒன்றாக இருப்பதே ஓர் ஆறுதல்.

வருத்தம் என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே சொன்னோம். வேறிடத்துத் தமிழர் கவலையை மாத்திரம் வருத்தம் என்பர். நம் யாழ்ப்பாணத்திலோ நோய்க்கும் அதுவே பெயர். "அவருக்கு வருத்தம்" என்றால் நோய் என்று பொருள். "வருத்தம் பார்க்கப் போறம்" என்றால் நோயாளியைப் பார்க்கப் போகிறோம் என்று பொருள். உடலின் துன்பத்தையும் மனத்தின் துன்பத்தையும் ஒரே சொல்லால் குறித்த நம் மக்கள் அறியாமையால் அப்படிச் சொன்னார்கள் என்று நாம் நினைக்கவில்லை. ஆனால் வருத்தம் பார்க்கும் வழக்கமும் இன்று தேய்ந்துவிட்டது. அந்த அம்மையாரின் கணவர் நோயுற்ற முதல் மாதத்தில் பழங்களும் பிஸ்கற்றும் வீட்டில் நிறைந்தன. ஆறாம் மாதத்தில் படலை திறக்கும் சத்தம் குறைந்தது. இரண்டாம் வருடத்தில் அறவே நின்றது. வந்தவர்களும் புற்றுநோய் என்ற பெயரைச் சொல்லக் கூசி, "அந்த வருத்தம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்களாம். "அவருக்குக் காது நல்லாய்க் கேட்டது, தம்பி" என்றார் அம்மையார்.

அவர் இன்னுமொன்றும் சொன்னார். மாதாந்தம் வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகும் நாள்தான் கணவர் முகம் தெளிந்திருக்கும் நாளாம். வாங்கிலே காத்திருக்கும்போது அதே நோயுள்ள வேறு சிலர் பழக்கமானார்கள். ஒருவர் மீன்பிடித் தொழிலாளி, ஒருவர் இளைப்பாறிய உபாத்தியாயர், ஒருவர் கத்தோலிக்கர். மருந்து ஏற்றிய பின் எத்தனையாம் நாள் வாய் கசக்கும், எது உண்டால் வயிற்றில் நிற்கும், தலைமயிர் திரும்ப முளைக்குமா என்று அவர்கள் தங்களுக்குள் கூச்சமின்றிப் பேசுவார்கள், சிரிப்பார்கள். வீட்டில் மனைவியிடம் சொல்லாத பயத்தை அவர் அந்த வாங்கிலே சொன்னாராம். அந்த நால்வரில் ஒருவர் ஒரு மாதம் வராதபோது மற்ற மூவரும் பேசாமல் இருந்தார்களாம். பிறகு அவர் பெயரைச் சொல்லிச் சொல்லி அன்று முழுவதும் கதைத்தார்களாம்.

இந்த வாங்கின் பெருமையை உலகம் ஆராய்ந்தும் அறிந்திருக்கிறது. 1905இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே யோசெப் பிராட் என்னும் வைத்தியர், சனற்றோரியம் செல்லப் பணமில்லாத காசநோயாளிகளை வாரம் ஒருமுறை ஒரே அறையில் கூட்டினார். உடல் நிறையைக் குறிப்பதும் சுகாதாரம் போதிப்பதுமே அவர் நோக்கம். ஆனால் வேறு வேறு சாதியும் சமயமும் உடைய அந்த ஏழைகள், ஒரே நோய் என்ற பந்தத்தால் நண்பர்களாகி ஒருவரையொருவர் தேற்றுவதை அவர் கண்டார். பிற்காலத்தில் நோயாளர் குழுக்கள் பல தோன்றுவதற்கு அது முன்மாதிரி ஆயிற்று. 1989இல் டேவிட் ஸ்பீகல் என்பாரும் அவர் குழுவினரும், முற்றிய மார்புப் புற்றுநோயுள்ள 86 பெண்களை ஆராய்ந்து, வாரந்தோறும் கூடிப் பேசியவர்கள் மற்றவர்களிலும் ஏறக்குறைய இரு மடங்கு காலம் வாழ்ந்தனர் என்று எழுதினர். உலகமே வியந்தது. ஆனால் 2001இல் கனடாவில் 235 பெண்களை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் ஆயுள் நீளவில்லை என்று தெரிந்தது. நாம் உண்மையையே சொல்லவேண்டும்: கூடியிருத்தல் புற்றுநோயை மாற்றாது, மருந்துக்கு அது பதிலாகாது. எனினும் அதே ஆராய்ச்சியில், கூடிப் பேசிய பெண்களுக்கு மனத்துயரும் குறைந்தது, நோவும் குறைந்தது என்று கண்டார்கள். நோவு குறைவதும் சிறிய காரியமா?

நமக்கு அருகே கேரளத்திலே 1993இல் கோழிக்கோட்டில் நோவு தணிக்கும் பராமரிப்புக்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. வைத்தியர்கள் தொடங்கிய அப்பணியை, மலப்புறம் முதலிய இடங்களில் ஊரவரே கையேற்றார்கள். மாணவர்களும், கடைக்காரர்களும், கூலித்தொழிலாளரும் பயிற்சி பெற்றுத் தத்தம் அயலிலுள்ள நோயாளர் வீடுகளுக்கு முறை வைத்துப் போகலானார்கள். சிறுசிறு தொகைகளாகச் சேர்ந்த பணமே பெருந்துணை. 2008இல் அம்மாநில அரசும் இதனைத் தன் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரி கட்டியா தொடங்கினார்கள்? பக்கத்து வீட்டுக்கு நடந்துபோய்த் தொடங்கினார்கள்.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. தெல்லிப்பழையில் இன்று இயங்கும் புற்றுநோய் வைத்தியசாலைக்காக, 2011 யூலையில் தென்கோடித் தெவிநுவரவிலிருந்து வடகோடிப் பருத்தித்துறை வரை 27 நாட்கள் 670 கிலோமீற்றர் நடந்து நிதி சேர்த்தார்கள். அந்த நடையில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் இருந்தனர். முன்பு நம்மவர் கொழும்புக்கு அப்பால் மகரகமவுக்குப் போய், மொழி தெரியாத ஊரில் அறை தேடித் தவித்த நிலை அதனால் குறைந்தது. தெற்கிலிருந்து 27 நாள் நடந்து வந்தார்கள். நமக்கு அந்த அம்மையாரின் வீடு கால் மைல் தூரம்.

துக்கத்தைத் தனியொருவரின் நோயாக மாத்திரம் பார்க்கலாகாது என்பதை யாழ்ப்பாணத்துக்கு எடுத்துரைத்தவர் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள். போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் காயப்படுத்துகிறது. ஆகவே குடும்பத்தோடும் ஊரோடும் சேர்ந்தே ஆறவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். சடங்கும் ஒப்பாரியும் கோவிலும் ஆற்றுவிக்கும் வழிகள் என்பதையும் மருத்துவ அறிவோடு விளக்கினார். 1987இல் தொடங்கிய சாந்திகம் நிறுவனமும் இப்பணியில் உளவளத்துணையாளர்களை ஆக்கி ஊர்களுக்கு அனுப்பியது. நமக்குப் புதிதாக வழி வெட்ட வேண்டியதில்லை. வெட்டிய வழியில் நடந்தால் போதும்.

பெரியபுராணத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. திலகவதியார் தந்தையையும் தாயையும் இழந்தார். மணம் பேசிய கலிப்பகையாரும் போரிலே மாண்டார். தாமும் உயிர் துறக்கத் துணிந்த அவர், தம்பி மருணீக்கியாருக்காகவே உயிர் தாங்கினார். அந்தத் தம்பி பின்னர் தமக்கையைப் பிரிந்து வேறு நெறியில் நின்றார். அவரைச் சூலைநோய் பற்றியது. அங்கே இருந்தோர் செய்த வைத்தியம் பலிக்கவில்லை, கைவிட்டனர். அப்போது அவர் ஆளனுப்பியது யாரிடம்? துக்கத்தை முழுதாக அறிந்த தமக்கையிடமே. இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து காலில் விழுந்த தம்பியை, ஏன் போனாய் என்று திலகவதியார் கடிந்ததாகச் சேக்கிழார் பாடவில்லை. எழுப்பினார், திருநீறு கொடுத்தார், கோவிலுக்கு அழைத்துச் சென்றார். சூலை தீர்ந்தது இறைவன் அருளால். ஆனால் கோவில் வாசல் வரை கூட நடந்தது, தானும் இழந்த ஒருத்தி.

அந்த அம்மையாரின் கதையை இன்னும் முடிக்கவில்லை. நாம் தலை குனிந்து இருந்தபோது படலையைத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவி வந்தார். அடுத்த ஒழுங்கையில் இருப்பவர். அவர் கணவரை இழந்து 12 வருடம். கையிலே ஒரு கட்டு முருங்கையிலை. நம்மைப் பார்த்து ஒரு தரம் தலையசைத்துவிட்டு, திண்ணையில் இருந்து சுளகிலே இலையை ஆயத் தொடங்கினார். அம்மையாரும் பக்கத்தில் போய் இருந்தார். இருவரும் பேசவேயில்லை. "இவ ஒவ்வொரு நாளும் பின்னேரம் வாறவ. ஒண்டும் சொல்லமாட்டா. அதுதான் எனக்கு வேணும்" என்றார் அம்மையார்.

நம் சங்கம் வாகனமும் கதிரையும் கொண்டு 31 நாளில் செய்யாததை, அந்தக் கிழவி ஒரு கட்டு இலையைக் கொண்டு செய்துவிட்டார்.

வாலிப அன்பர்களே, ஆகையால் இந்த மேடையிலே ஒரு பிரேரணையை முன்வைக்கிறோம். இனி நம் அயலில் சாவு நேர்ந்த ஒவ்வொரு வீட்டுக்கும், தீராத நோயுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு அங்கத்தவர் பொறுப்பாக இருப்பார்களாக. சாதியோ சமயமோ அங்கத்துவமோ பார்க்கவேண்டாம். அந்தியேட்டி முடிந்த மறுநாள் காலை அவர்கள் கட்டாயம் போகவேண்டும். பின்னர் ஆண்டுத் திவசம் வரை வாரம் ஒருமுறை போகவேண்டும்.

போய் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலில், என்ன செய்யக்கூடாது என்பதைச் சொல்வோம். "எல்லாம் விதி" என்று சொல்லாதீர்கள். "வயது போனவர்தானே" என்று சொல்லாதீர்கள். "அழாதையுங்கோ" என்றும் சொல்லாதீர்கள். உங்கள் முன் அழ முடிந்தால் அதுவே நீங்கள் செய்த நன்மை. இறந்தவர் பெயரைச் சொல்லப் பயப்படாதீர்கள். அந்த வீட்டில் அந்தப் பெயரைக் கேட்க ஆசைப்படும் காது ஒன்று இருக்கிறது.

செய்வதற்கோ வேலை நிறைய உண்டு. கிணற்றிலே தண்ணீர் அள்ளி வைக்கலாம். மரணப் பதிவுப் பத்திரம், கிராம அலுவலரின் கடிதம், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கான படிவம் என்று கணவனை இழந்தவள் ஏறி இறங்க வேண்டிய படிகள் எத்தனை! அவற்றில் ஒன்றுக்குத் துணை போகலாம். நோயாளியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், விடியற்காலையில் இலக்கத் துண்டு எடுத்து வைத்து, வாங்கிலே பக்கத்தில் இருக்கலாம். இரவு முழுதும் கண்விழிக்கும் மனைவி இரண்டு மணித்தியாலம் உறங்க, நீங்கள் கட்டிலருகே இருந்து பத்திரிகை வாசிக்கலாம். அதே நோயிலிருந்து மீண்ட ஒருவரை, இருவருக்கும் சம்மதமானால், அறிமுகம் செய்துவைக்கலாம். ஒன்றும் தோன்றாவிட்டால் முருங்கையிலை ஆயலாம்.

நம் எல்லையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் உண்ணாமல் உறங்காமல் இருப்பவரையோ, சாக வேண்டும் என்று சொல்பவரையோ கண்டால், நாமே தேற்றிவிடலாம் என்று இருந்துவிடக்கூடாது. அவரைத் தனியே விடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் தொலைபேசியில் பேசலாம். அது வெட்கப்பட வேண்டிய காரியமன்று; காய்ச்சலுக்கு மருந்தெடுப்பது போன்றதே.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இந்த வேலையில் வாலிபர்களைவிட நீங்களே வல்லவர்கள். நீங்கள் தாயை இழந்தீர்கள், கணவனை இழந்தீர்கள், சிலர் பிள்ளையையும் இழந்தீர்கள். அந்த இழப்பை உங்கள் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருக்கிறீர்கள். புதிதாக இழந்த ஒருவருக்கு அதுவே மருந்தாகலாம். நம் வாலிபர் இருவர் படலையைத் தட்டும்போது, அவர்களோடு நீங்களும் ஒருவர் வாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டியோ" என்று கேட்பதோடு, அங்கே அயலில் தகப்பனை இழந்த தமிழ்ப் பிள்ளை யாரும் உண்டோ என்றும் கேளுங்கள். உண்டென்றால், ஒருக்கால் போய் இருந்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

அடுத்த ஆண்டறிக்கையில் அந்த வசனம் மாறவேண்டும் என்பது நம் ஆசை. "மரணச் சடங்குகளில் கடமையைச் செய்து முடித்தது" என்று எழுதாமல், எத்தனை வீடுகளுக்கு 32ஆம் நாள் போனோம் என்று எழுதுவோமாக. தொகை சிறிதாயினும் குறையில்லை. உண்மையாக இருந்தால் போதும்.

அந்த அம்மையார் இன்று இந்தச் சபைக்கு வரவில்லை; ஆண்டுத் திவசம் இன்னும் முடியவில்லை. நாளை பின்னேரம் நாம் அங்கே போகிறோம். கூட வர விரும்புவோர் விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயரைக் கொடுக்கலாம். கையிலே பழமும் பிஸ்கற்றும் வேண்டாம். அவசரமில்லாமல் இருந்துவிட்டு வர நேரம் இருந்தால் போதும்.